கத்தரி இலையில் தையல்சிட்டின் கூடு: நீர் ஊற்றுவதும் மருந்து தெளிப்பதும் நூல் வைப்பதும்

முல்லைக்கொடி:

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துத் தொட்டிகளைத் தொங்கவிடுவதற்காகப் பருத்திக் கயிற்றில் மக்ரமே என்னும் முடிச்சுப் பின்னல் பின்னி வருகிறேன். முதல் தொங்கல் முடிந்து, அதில் ஒரு மணிபிளான்ட் தொட்டியும் ஏறிவிட்டது. ஒற்றைப் புரிக் கயிறு என்பதால், அடியில் விட்ட குஞ்சத்தைச் சீப்பால் வாரியதும் அது பஞ்சாகவே பிரிந்துவிட்டது. அந்தக் குஞ்சத்திலிருந்து ஒரு தையல்சிட்டு இழை இழையாக உருவிக்கொண்டு போவதைக் கண்டு, அது போகும் திசையைக் கவனித்தேன். பக்கத்துத் தொட்டியில் நிற்கும் கத்தரிச் செடியின் அகன்ற இலைகள் இரண்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. இலையின் வெளிப்பக்கத்தில், ஒவ்வொரு துளையின் வாயிலும் நான் வாரிவிட்ட வெண்பஞ்சு சிறு உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கை பட்ட நூல் ஒரு கூட்டைத் தாங்கி நிற்பதைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

இனி என் ஐயங்களைக் கேட்கிறேன். கத்தரிக்கு நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். பறவையை விரட்டாமல் அதை எப்படிச் செய்வது? இலைகளின் அடியில் வெள்ளை ஈ சேர்ந்திருப்பதால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க எண்ணியிருந்தேன், இப்போது தெளிக்கலாமா? சிட்டுக்காக இன்னும் கொஞ்சம் நூலைக் கிளையில் வைக்கலாமா? அடுத்த தொங்கலை மழை வெயிலுக்குத் தாங்கும் நைலான் கயிற்றில் பின்ன நினைக்கிறேன். அதனால் பறவைக்குத் தீங்கு வருமா? எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போன்ற நிறத்தில் சில புழுக்களும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பறவைநேயன்:

வணக்கம் அம்மா. படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. தைக்கும் வேலையைச் செய்வது பெண் சிட்டுதான். கூரிய அலகால் இலையோரத்தில் துளையிட்டு, பஞ்சு, நார், சிலந்தி இழை எதுவாயினும் அதன் வழியே நுழைத்து இழுக்கும். முடிச்சு எதுவும் போடுவதில்லை. துளைக்கு வெளியே வந்த நுனி பிரிந்து உப்பிக்கொள்வதால், தறையாணி அடித்ததுபோல இழை நழுவாமல் நின்றுவிடுகிறது. நீங்கள் பார்த்த சிறு உருண்டைகள் அவையே.

நீர் ஊற்றுவதைக் குறைக்கவே கூடாது. தைத்த இலைகளின் காம்பும் நடுநரம்பும் அறுபடாமல் இருப்பதால் அவை செடியோடு உயிருள்ள இலைகளாகவே நீடிக்கும். கூடு பச்சைக்குள் மறைந்திருப்பதும் அதனால்தான். செடி வாடினால் இலை தொய்ந்து கூடு சாயும். ஆகவே நீண்ட மூக்குள்ள பூவாளியின் சல்லடையைக் கழற்றிவிட்டு, தாய் இரை தேடப் போயிருக்கும் வேளையில் வேரடியில் மட்டும் ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தொட்டியைத் திருப்பவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். இப்போது இலையின் நிழலில் இருக்கும் கூடு, தொட்டி சற்றே திரும்பினாலும் நேர்வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

பொதுவாக மூன்று அல்லது நான்கு முட்டைகள் இருக்கும். அடைகாக்கச் சுமார் 12 நாள்களும், குஞ்சுகள் பறக்கச் சுமார் 14 நாள்களும் ஆகும். அதற்குள் கைப்பேசியை நீட்டிப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். நாம் அடிக்கடி எங்கே போய் நிற்கிறோம் என்பதைக் காகமும் செண்பகப் பறவையும் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி நாள்களில் நெருங்கினால், பறக்கும் பருவம் வருமுன்பே குஞ்சுகள் மிரண்டு வெளியே குதித்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் மட்டும் எடுத்துக் கூட்டில் விடுங்கள். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்ற அச்சம் தேவையில்லை.

மண்வாசனை:

வேப்பெண்ணெயை இப்போதைக்கு அந்தச் செடியிலும் அதைச் சுற்றியுள்ள செடிகளிலும் நிறுத்திவையுங்கள். தையல்சிட்டு இலையிலையாகத் தேடிச் சிறு பூச்சிகளையும் புழுக்களையும் பொறுக்கித் தின்னும் பறவை. குஞ்சுகளுக்கும் அவற்றையே ஊட்டுகிறது. சுற்றிலும் தெளித்துவிட்டால் அது இரைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கும். வெள்ளை ஈ மிகுந்திருந்தால், கூட்டிலிருந்து தள்ளியுள்ள இலைகளின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். முட்டைகளும் இளம்பருவங்களும் அடிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் தவறாமல் கவனியுங்கள். வெள்ளை ஈக்காக மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். அதில் ஒட்டிய பூச்சியைக் கொத்த வரும் சிட்டின் இறகும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு சிறிய பறவையால் அந்தப் பசையிலிருந்து விடுபட இயலாது. பல்லிகளும் அப்படியே மாட்டிக்கொள்கின்றன.

எலுமிச்சையில் இருப்பவை பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். எச்சத்தின் தோற்றம் இளம்பருவத்துக்கு மட்டும் உரியது; கடைசியாகத் தோலுரித்தபின் இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடும் வாடை வீசும். கன்று சிறியது என்றால் ஓரிரு புழுக்களை மட்டும் விட்டு, மற்றவற்றை இலையோடு கிள்ளி நாரத்தையிலோ வளர்ந்த கறிவேப்பிலையிலோ விடலாம். வளர்ந்த செடி இழந்த இலையைத் தளிர்த்து மீட்டுக்கொள்ளும். ஒரு சாண் உயரக் கன்றுக்கு அந்த வலு இருக்காது.

நூற்கண்டு:

கயிற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நைலான் வேண்டாம். அதிலிருந்து பிரியும் மெல்லிய இழை மக்காது, அறுபடாது. கூட்டுக்குள் போனால் குஞ்சின் காலைச் சுற்றி, கால் வளர வளர இறுகி, குருதியோட்டத்தையே தடுத்துவிடும். நீளமான கம்பளி நூல், மீன்பிடி நரம்பு, தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. பருத்தியும் நீண்டிருந்தால் சுற்றிக்கொள்ளும் என்பதால், குஞ்சத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இல்லாதபடி கத்தரித்துவிடுங்கள். கூடு முடிந்துவிட்டதால் புதிதாக நூல் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த முறை உதவ விரும்பினால், சாயமேறாத பஞ்சைச் சிறு சிறு பிசிறுகளாகக் கிளையிடுக்கில் செருகிவையுங்கள்.

ஆனால் பருத்தி வெளியில் நெடுநாள் உழைக்காது என்ற உங்கள் கவலை நியாயமானது. வெயில் இழையை நொய்யச் செய்யும். ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். தொங்கலில் சுமை தாங்கும் கயிற்றுத் தண்டுகளுக்கு முறுக்கேறிய மூன்று புரிக் கயிறே நல்லது. அது ஒற்றைப் புரியைப்போல எளிதில் பஞ்சாகப் பிரியாது. வளையத்தில் கயிறு உரசும் இடமும், தொட்டியின் அடியில் எல்லாத் தண்டுகளும் கூடும் முடிச்சும்தான் முதலில் நைந்துபோகும். நீர் ஊற்றிய தொட்டியின் எடையைக் கணக்கில் கொண்டு அந்த இரண்டு இடங்களையும் அவ்வப்போது விரலால் நிமிண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் தொட்டியை இறக்கிவிட வேண்டியதுதான். சதுர முடிச்சுகளை நெருக்கமாக இறுக்கி, நுனிகளைப் பின்னலுக்குள் செருகி முடித்தால் பிசிறு வெளியே தெரியாது. தோட்டத்தில் தொங்கும் பின்னலுக்குக் குஞ்சமே வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

முல்லைக்கொடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குஞ்சத்தைக் கத்தரித்துவிட்டேன், அடுத்த தொங்கலை மூன்று புரிப் பருத்தியில் தொடங்கி, பாதி பின்னியாகிவிட்டது. இப்போது குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பச்சைப் புழுக்களைக் கொண்டுவருகின்றன. திரும்பும்போது சில வேளைகளில் அலகில் வெண்ணிறமாக எதையோ கவ்விக்கொண்டு போகின்றன. எட்ட நின்றே பார்க்கிறேன். குஞ்சுகள் பறந்தபின் கூட்டை அப்படியே விட வேண்டுமா, செடியைக் கவாத்து செய்யலாமா?

பறவைநேயன்:

அந்த வெண்பொருள் குஞ்சுகளின் எச்சம். சவ்வுப் பையில் பொதிந்து வருவதால் கூடு அழுக்காகாமல் தாய் தந்தையால் அகற்ற முடிகிறது. குஞ்சுகள் வெளியேறிய பிறகும் சில நாள்கள் அருகிலுள்ள புதர்களிலேயே தங்கிப் பெற்றோரிடம் இரை வாங்கும். ஆகவே அவை தோட்டத்தை விட்டு விலகும்வரை கவாத்தைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த ஈட்டுக்கு அவை பெரும்பாலும் புதிய இலைகளைத் தேடிப் புதிதாகவே தைக்கும். தைத்த இலைகள் பழுத்துக் காயத் தொடங்கியதும், அவற்றைக் காம்போடு வெட்டி எடுத்துவிடலாம். கூட்டில் பேன்களும் உண்ணிகளும் இருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.