6.50 மீட்டர் பந்தயப் படகு, முதல் முயற்சி: சாயும் கீல் வைக்கலாமா?

வடக்கயிறு:
வணக்கம். மூன்று வருடமாகத் தாளில் வரைந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். மினி 6.50 வகுப்பின் அளவுக்குள் ஒற்றை ஆள் ஓட்டும் படகு: நீளம் 6.50, அகலம் 3, ஆழம் 2 மீட்டர். ப்ளைவுட்டைக் கம்பியால் தைத்து எபாக்சியில் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்டும் முறை. 2011 மினி ட்ரான்சாட்டில் (இந்த வகுப்புப் படகில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயம்) டேவிட் ரெய்சன் மூக்கு மழுங்கிய படகோடு ஜெயித்ததிலிருந்து எனக்கும் அதே பித்து. அணியம் (படகின் முன்பக்கம்) உருண்டையாக இருக்கிறது. கீல், அதாவது படகுக்கு அடியில் ஈயக் குண்டோடு தொங்கும் தகடு, இரண்டு பக்கமும் 40 டிகிரி சாயும். மொத்த எடை 750 கிலோ என்று கணக்கு. இதுவரை நான் படகு எதுவும் கட்டியதில்லை. எங்கே உதைக்கும்?

அலைவரிசை:
சாயும் கீலை விட்டுடாதீங்க. கணக்கு பாருங்க: 300 கிலோ ஈயக் குண்டு, 1.9 மீட்டர் கீழே. படகு 20 டிகிரி சாய்ஞ்சா அசையாத கீல் கொடுக்கிற நிமிர்த்து விசை 195 கிலோ-மீட்டர் (தூரம் இல்ல, எடையைக் கையின் நீளத்தால பெருக்கினது). கீலைக் காத்துப் பக்கம் 40 டிகிரி தள்ளினா 494! அதே ஈயம், ரெண்டரை மடங்கு. இதை விட்டுட்டு ப்ரோட்டோ பிரிவுல (ஒத்தையா, சோதனையாக் கட்டின படகுகளோட பிரிவு) போய் என்ன செய்யறது?

உளிச்சத்தம்:
தம்பி, அலைவரிசை கணக்கு சரிதான். அந்த விசை எங்க போய் இறங்குதுன்னுதான் அவர் சொல்லலை.

ஒரு பெரிய அலையில படகு 90 டிகிரி படுத்திருச்சுன்னு வைங்க. கீல் கிடைமட்டமா நீட்டிக்கிட்டு நிக்குது. 300 கிலோ, 1.9 மீட்டர் கை, ஆக 570 கிலோ-மீட்டர். கீல் தலை அச்சுக்கு மேல அரை மீட்டர் உள்ளே வந்து, அதைக் கப்பிக் கயிறு பிடிச்சிருக்குன்னா கயித்துல 1,140 கிலோ இழுவை. இது படகு சும்மா கிடக்கிறப்போ. அடுத்த அலை தூக்கிப் போட்டா ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு ஏறும். அவ்வளவையும் தாங்கப்போறது நீங்க வாழ்க்கையில முதல் தடவையா ஒட்டுற பெட்டி. நான் கட்டினது அசையாத கீல். அதுக்கே அடியில குறுக்குக் கட்டைகளை ரெண்டு தடவை பிச்சு எடுத்து மறுபடி வெச்சேன்.

மூக்கு விஷயம். ஒரு தாளை உருளையாச் சுருட்டுங்க, வரும். அதையே பந்து மேல படிய வைங்க, மடிப்பு விழும். ப்ளைவுட்டுக்கும் அதே குணம்தான், ஒரு திசையிலதான் வளையும். மழுங்கின மூக்கு வேணும்னா பலகை பலகையா முனை வெச்சு மடக்குங்க. உருண்டையேதான் வேணும்னா முன்பக்கம் ஒன்றரை மீட்டரை மட்டும் மெல்லிசு ரீப்பரா ஒட்டிக் கட்டுங்க. எனக்கு முனை வெச்ச மூக்குதான் பிடிக்கும், பார்க்க அசிங்கமா இருந்தாலும்.

எடைக்கு வர்றேன், ஏன்னா நான் அடி வாங்கினது அங்கதான். என் கணக்கு 820. கட்டி முடிச்சுத் தராசுல தொங்கவிட்டா 960. 140 கிலோ எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வாரம் தேடினேன். ஒரு பங்கு மூலைப் பட்டி, அதாவது பலகைங்க சேர்ற உள் மூலையில எபாக்சிக் களிம்பால இழுக்கிற பட்டி. 20 மி.மீ. ஆரம் போதுங்கற இடத்துல பயத்துல 40 இழுத்திருந்தேன். ஆரம் ரெண்டு மடங்கானா பட்டி நாலு மடங்கு. 60 மீட்டர் மூலைக்கு 5 லிட்டர்ல முடிய வேண்டியது 20 லிட்டர் குடிச்சிருக்கு. மிச்சம் கண்ணாடித் துணி மேல ஊத்தின எபாக்சி, அதுக்கு மேல வழவழப்புக்காக எபாக்சியில கலந்து அப்பின நிரப்பு மாவு. இப்ப ஒவ்வொரு கிண்ணத்தையும் கலக்கறதுக்கு முன்னாடி எடை போட்டு, மிஞ்சினதையும் எடை போட்டு, சுவத்துலயே எழுதறேன்.

இன்னொண்ணு. எபாக்சி காய்ஞ்சதும் சில நேரம் மேல மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும், ஈரக்காத்துல கூடுதலா. அதைக் கழுவாம அடுத்த துணியைப் போட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஓரத்துல நகத்தை விட்டா, பாம்புச் சட்டை உரியற மாதிரி ஒரு கை நீளத்துக்கு வந்துருச்சு. வெறும் தண்ணி, தேய்க்கிற நார், அவ்வளவுதான் வைத்தியம். கழுவறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுடாதீங்க, பிசுக்கை உள்ளே தேய்ச்சு விட்டுடும்.

வடக்கயிறு:
அண்ணே, அப்போ அசையாத கீல் வைத்தால் சீரீஸ் பிரிவில் ஓட்டலாமா?

உளிச்சத்தம்:
முடியாது. சீரீஸுக்கு ஒரே வடிவத்துல 10 படகாவது கட்டியிருக்கணும். ஒத்தைப் படகு எப்படியிருந்தாலும் ப்ரோட்டோதான். ஆனா நடுவழி ஒண்ணு இருக்கு: பக்கத் தொட்டியில தண்ணி. மினி ட்ரான்சாட் பாப் சால்மன் 1977ல ஆரம்பிச்ச பந்தயம். 1979லயே நார்ட்டன் ஸ்மித் தண்ணித் தொட்டி வெச்ச படகுல ஜெயிச்சாரு. நடுக்கோட்டிலிருந்து காத்துப் பக்கம் 1.2 மீட்டர் தள்ளி 100 லிட்டர் வெச்சா, 20 டிகிரி சாய்வுல 110 கிலோ-மீட்டருக்கு மேல கிடைக்கும். காத்து மறுபக்கம் வர்ற மாதிரி திரும்பறதுக்கு முன்னாடி தண்ணியை மறுபக்கம் மாத்த மறந்தீங்கன்னா, அதே 100 லிட்டர் உங்களைப் படுக்கப் போடும்.

கடற்காகம்:
உளிச்சத்தம் அண்ணன் மிதவையைப் பத்திச் சொல்லலை. முழுக்கத் தண்ணி ஏறினாலும் படகு மூழ்கக்கூடாதுன்னு இந்த வகுப்புல விதி இருக்கு. 300 கிலோ ஈயம் வெறும் 26 லிட்டர் இடம்தான் பிடிக்கும். அதைத் தூக்கி நிறுத்தவே கிட்டத்தட்ட 270 லிட்டர் நுரை வேணும். மரம் தானா மிதக்கும். பேட்டரி, கருவி, ஆங்கரெல்லாம் மிதக்காது. எனக்கு நுரை பத்தின நினைப்பு கடைசியிலதான் வந்துச்சு, சாமான் வைக்க வெச்சிருந்த அறை அத்தனையும் போச்சு. இப்பவே வரைபடத்துல நுரைக்குத் தனி நிறம் போடுங்க. கவிழ்ந்து கிடக்கும்போது வெளியேற அமரத்துல (படகின் பின்பக்கம்) ஒரு கதவும் வேணும், உடுப்போட நுழைஞ்சு பார்த்து அளவு வைங்க.

வடக்கயிறு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கீல் பெட்டியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில், நடுவில், ஒரு படுக்கை வருகிறது.

உளிச்சத்தம்:
நடுவுல வேண்டாம் தம்பி. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வைங்க. காத்துப் பக்கம் படுத்தாத்தான் உங்க எடையும் வேலை செய்யும்.