மிசூரி ஆற்றில் ‘யெல்லோ ஸ்டோன்’: போக மூன்று மாதம், வர மூன்று வாரம் ஏன்?

நதிமூலம்:
தோல் வியாபாரம் செய்த அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் நீராவிக் கப்பல் யெல்லோ ஸ்டோன் 1832 மார்ச் 26 அன்று செயின்ட் லூயிஸில் கிளம்பி, மிசூரியை எதிர்த்து மேலேறி, ஜூன் நடுவில்தான் கம்பெனியின் வியாபார நிலையமான யூனியன் கோட்டையை எட்டியது. ஆனால் ஜூலை 7-க்குள் திரும்பிவிட்டது. நீரோட்டம் மட்டுமே இவ்வளவு வித்தியாசம் பண்ணுமா? யார் யார் போனார்கள்?

கொதிகலன்:
நீரோட்டம் பாதிக் காரணம்தான். மீதி, விறகும் ஆழமும். நாளுக்குச் சுமார் 10 கார்டு விறகு வேண்டும். ஒரு கார்டு என்றால் 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளமுள்ள அடுக்கு. மேலே போகப் போக விறகு விற்க ஆளில்லை. கப்பலாட்களே இறங்கி வெட்ட வேண்டும். கரையெல்லாம் காட்டன்வுட் என்ற மரம். அது பச்சையாக இருந்தால் புகையும், நீராவி ஏறாது. அதனால் ஆறு ஒதுக்கிய காய்ந்த மரங்களைத் தேடி நிறுத்துவார்கள். ஆற்றுநீரில் வண்டலும் அதிகம். அது கொதிகலன் அடியில் படிந்தால் தகடு காய்ந்து வெடிக்கும், அடிக்கடி சுரண்டி எடுத்தே ஆகவேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை கப்பலின் உடம்பு. சரக்கேற்றினால் ஐந்தரை அடி வரை அமிழும். மிசூரிக்கு அது ரொம்ப அதிகம். மணல் திட்டில் ஏறிவிட்டால் சரக்கைப் படகுகளுக்கு இறக்கி, கப்பலை மிதக்கவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மலைப்பனி உருகி ஜூன் வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டும். திரும்பும்போது அந்த வெள்ளம் இருந்தது, விறகுச் செலவும் குறைவு.

தோல்மண்டி:
பயணிகளில் கம்பெனியின் பியர் ஷூட்டோ, ஓவியர் ஜார்ஜ் கேட்லின், வாஷிங்டன் போய்விட்டு ஊர் திரும்பிய அசினிபோயின் பழங்குடி வீரர் விஜுன்ஜான் ஆகியோர் முக்கியமானவர்கள். தண்ணீர் வற்றிக் கப்பல் நின்றபோது கேட்லின் சிலரோடு சேர்ந்து, வழியில் இருந்த கம்பெனியின் பியர் கோட்டைக்கு நடந்தே போய்விட்டார். கூலியாட்களுக்கு அறை கிடையாது, தளத்தில் சரக்குக்கு நடுவேதான் படுக்கை. ஆற்றில் திரும்பி இறங்கும்போது சரக்கு, காட்டெருமைத் தோல் கட்டுகளும் பீவர் என்ற ஆற்று விலங்கின் தோல் கட்டுகளும்.

நதிமூலம்:
ஜெர்மன் இளவரசர் மாக்சிமிலியனும் அவரோடு போன ஓவியர் போட்மரும் இதில்தான் போனார்களா?

தோல்மண்டி:
அது 1833. பியர் கோட்டை வரை யெல்லோ ஸ்டோன், அதற்கு மேலே அசினிபோயின் கப்பல். இரண்டு பயணங்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த அசினிபோயின் கப்பல் 1835-இல் எரிந்தபோது இளவரசரின் சேகரிப்பில் பெரும்பகுதியும் போனது. போட்மரின் நீர்வண்ண ஓவியங்கள் அதில் இல்லாததால் தப்பின. இன்று அமெரிக்காவின் ஒமாஹா நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.