பண்ணைப் பனிப்புகார்ப் படம்: எதால துடைக்கிறது?

அலைவரி:
மார்கழி விடியல். யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தில நிண்டு மண்டைதீவுப் பக்கம் எடுத்த படம். கிட்டவுள்ள களங்கட்டித் (மீன்பிடி அடைப்பு) தடியள் தெரியுது, தீவு பாலாக் கரைஞ்சு போச்சு. என்ர கணினியில ஜிபியு (படக் கணிப்புச் சில்லு) நினைவகம் 4 ஜிபி. புகாரை எதால எடுக்கலாம்?

பனங்கொட்டை:
எஃப்எஃப்ஏ-நெற், புகார் எடுக்கப் பழக்கின நெற்வேர்க். எஸ்ஓடிஎஸ் எண்ட சோதனைத் தொகுதியின்ர உள்ளகப் படங்களில 36.39 டெசிபெல் (கூடினா அசலுக்குக் கிட்ட). முந்தின உச்சம் 30.23. 2009இல கைமிங் ஹெ ஆக்கள் தந்த டார்க் சனல் கணக்கில (இருண்ட நிற அளவை வைச்சுப் புகாரை மதிக்கிற முறை) இன்னும் தொங்கத் தேவையில்லை.

கடல்நாரை:
அது எங்கத்தைய 36 எண்டு பாருங்கோ தம்பி. அது பழகின ரிசைட் எண்ட படத் தொகுப்பின்ர உள்ளகத் தொகுதியில 13,990 பயிற்சிப் படம். எல்லாம் அறைப் படத்தில ஆழத்தை வைச்சுக் கணக்கால பூசின புகார். அறைக்குள்ள வானம் ஏது? இந்தப் படத்தில முக்கால்வாசி வானமும் கடலும்தான். அதோட 4 ஜிபியில முழுப்படம் ஏறாது. துண்டு துண்டா ஓட்டினா, ஒவ்வொரு துண்டுக்கும் நெற்வேர்க் எடுக்கிற சனல் (அம்ச அடுக்கு) சராசரி வேற, தைச்ச இடம் சதுரமாத் தெரியும்.

பனங்கொட்டை:
ரிசைட்டில வெளிப்புறத் தொகுதியும் இருக்கு. டார்க் சனல் மட்டும் வானத்தில ஒழுங்கோ? 15×15 கட்டத்துக்குள்ள ஏதாவதொரு நிறம் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும் எண்டதுதான் அதின்ர அத்திவாரம். வெள்ளை வானத்தில அது இல்லை. ஊடுருவல் (புகாரைத் தாண்டி வாற ஒளியின்ர பங்கு) 0.1க்கு இறங்கும், அதால வகுத்தா ஜேபெக்கில ஒரு படி வித்தியாசம் பத்துப் படியாகும். வானம் வரிவரியாப் பிளக்கும்.

கடல்நாரை:
பிளக்கும், ஓம். ஆனா காரணம் தெரிஞ்ச பிழை. ஊடுருவலின்ர கீழெல்லையை 0.3க்கு ஏத்துங்கோ, ஒமேகாவை (எவ்வளவு புகார் எடுக்கிறதெண்ட அளவு) 0.95இல இருந்து 0.8க்கு இறக்குங்கோ. தூரத்தில கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும், மார்கழிதானே. தடியைச் சுத்தி வெள்ளை விளிம்பு வரும்: கறுத்த தடி கட்டத்துக்குள்ள வந்தா, பக்கத்துத் தண்ணியிலயும் புகார் குறைவெண்டு கணக்கு ஏமாறும். கைடட் ஃபில்ரர் (படத்தின்ர விளிம்பைப் பின்பற்றி மிருதுவாக்கிற வடிகட்டி), எப்சிலன் (மிருதுவாக்கிற அளவு) 0.001, அதைச் சரிக்கட்டும். வளியொளியை (புகாரின்ர சொந்த வெளிச்ச நிறம்) வெள்ளை வள்ளத்தில எடுத்துப்போடாமல் வானத்தில கையால குறியுங்கோ.
நீங்கள் சொன்ன ரிசைட் வெளிப்புறத் தொகுதியின்ர ஆழம் அளந்ததில்லை, இன்னொரு நெற்வேர்க் ஊகிச்சது.

பனங்கொட்டை:
அப்ப இந்த இடத்துக்கே பழக்கலாம். முக்காலி அசையாமல், எக்ஸ்போஷர், வைற் பலன்ஸ் பூட்டி, புகார் நாளும் தெளிஞ்ச நாளும் ஒரே நேரம். 240×240 பிக்சல் துண்டு, லேர்னிங் ரேற் (பழகேக்க ஒவ்வொரு படியும் திருத்துற அளவு) 0.00001.

கடல்நாரை:
அலை அசையும், வள்ளம் இடம் மாறும். பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடுற எல்1 லொஸ் (பிழை அளவு) தண்ணியை மெழுகாக்கிப்போடும். தண்ணியை மறைச்சா மிஞ்சிறது பாலமும் தடியும். ஓ-ஹேஸ் எண்ட படத் தொகுப்பைச் செய்த ஆக்கள் 45 சோடி (புகாரோட ஒண்டு, இல்லாமல் ஒண்டு) எடுக்கிறதுக்குப் புகை மெஷினே கொண்டுபோனவை.

அலைவரி:
14 பிற் றோ ஃபைலும் (கமெராவின்ர பதப்படுத்தாத மூலப் பதிவு) இருக்கு.

கடல்நாரை:
அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! காமா (வெளிச்சத் திருத்த வளைவு) ஏத்தாமல் லீனியரா திறவுங்கோ, இந்தக் கணக்குக்கு அடிப்படையான ஒளிச் சிதறல் சமன்பாடு அதுக்குத்தான் பொருந்தும். நொய்ஸ் (படத்தில வாற புள்ளி இரைச்சல்) குறைக்கிறது முதல், புகார் பிறகு. புகார் எடுக்கேக்க நொய்ஸ் பெருத்த பிறகு குறைச்சா மெல்லிய தடியளும் அதோட போயிடும்.

பனங்கொட்டை:
நொய்ஸ் குறைக்க எதைப் பாவிப்பீங்கள் அண்ணை?

கடல்நாரை:
நெற்வேர்க்தான். அதுக்கு மட்டும்.