புதுப்பிப்பு: மைக் இல்லாத சிறு கூடக் கச்சேரிகள்

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறு கூடங்களில் மைக் இல்லாமல் கச்சேரி வைத்தால் மிருதங்கம் வயலினை அமுக்குகிறது, அதனால் மிருதங்கத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது தவறான யோசனை. மிருதங்கக்காரர் பின்னால் போனால் பாடுபவர் தாளம் போடும் கை தெரியாது, தாளக் கணக்கில் சேர்ந்து முடிப்பது சிரமம். கோளாறு வெற்றுச் சுவரிலும் சிமெண்ட் தரையிலும்தான். பக்கச் சுவர்களில் கெட்டி ஜமுக்காளத்தைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். எதிரொலி குறைந்தால் வயலின் தானே மேலே வரும்.

மார்கழிப் பனியில் மிருதங்கத்தின் தோல் ஈரம் இழுத்துத் தளரும், சுருதி இறங்கும். ஒரு மணி நேரம் முன்பே வாத்தியங்களைக் கூடத்துக்குள் வைத்துவிடுங்கள். தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடப் பக்கத்தில் அப்புவதற்கு, ரவையைக் கெட்டியாகப் பிசையுங்கள். தண்ணீர் கூடினால் வழியும், குமுக்கு என்கிற ஆழ்ந்த ஒலியும் எழாது.

இன்னொன்று, தம்புரா. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்த பிறகே ஜீவா நூலைத் தொடுங்கள். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவே அந்த நூலை அரிசியளவு நகர்த்தினாலே போதும், மொட்டையாக ஒலித்த தந்தி ரீங்காரமிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கடைசி வரிசைவரை அந்த ரீங்காரம் போகும்.