பெயில் கட்டுறதுக்கு முன்னாடி 'ஹோல்ட்' இருக்கான்னு கேளுங்க

ஜெயில்ல இருக்கிறவரை உடனே விடாம வச்சிருக்கச் சொல்லி இமிக்ரேஷன்காரங்க அனுப்புறதுதான் 'ஹோல்ட்'. அமெரிக்காவுக்குப் புதுசா வந்திருக்கிறவங்க தயவுசெய்து இதை முழுசாப் படிங்க.

எங்க மேல் வீட்டுத் தம்பியைக் குடிச்சிட்டு வண்டி ஓட்டினதா ஒரு சனிக்கிழமை ராத்திரி போலீஸ் பிடிச்சிட்டாங்க. எச்-1பி விசாவுல பார்த்த வேலை போய், அதுக்கப்புறம் இங்க தங்கத் தர்ற 60 நாள் அவகாசமும் முடிஞ்சிருந்தது. அதை அவர் யார்கிட்டயும் சொல்லலை. விடிஞ்சதும் அவர் மனைவி இருந்த பணத்தையெல்லாம் திரட்டி, என்னையும் கூட்டிக்கிட்டு கவுண்டி ஜெயிலுக்குப் போனாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தவங்க பணத்தை வாங்கி, ரசீதை நீட்டினதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க: "இவருக்கு இமிக்ரேஷன் ஹோல்ட் இருக்கு." அடுத்த நாள் சாயங்காலம் ஐஸ் (ICE, இமிக்ரேஷன் சட்டப்படி ஆளைப் பிடிக்கிற ஃபெடரல் அமைப்பு) வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.

ஜெயில்ல கைரேகை எடுத்ததுமே அது எஃப்பிஐக்கும், அங்கிருந்து ஐஸுக்கு மேல இருக்கிற ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறைக்கும் தானாப் போயிடும். நாடு கடத்த முகாந்திரம் இருக்குன்னு ஐஸ் நினைச்சா, ஐ-247ஏ படிவத்தை ஜெயிலுக்கு அனுப்புவாங்க. இதுதான் டிடெய்னர், ஹோல்ட்னு சொல்றதும் இதைத்தான். 'விடுறதுக்கு முன்னாடி எங்களுக்குச் சொல்லுங்க, 48 மணி நேரம் வரைக்கும் கூடுதலா வச்சிருங்க'ன்னு அதுல கேட்டிருக்கும்.

பலரும் தப்பாப் புரிஞ்சுக்கிறது அந்த 48 மணி நேரத்தைத்தான். கைதான நேரத்துல இருந்து அது ஓடாது. லோக்கல் கேஸ்ல வெளியே விட வேண்டிய நேரத்துல இருந்துதான் ஓடும். அதாவது நீங்க பெயில் கட்டுறதுதான் அந்தக் கடிகாரத்தை ஓட விடுது! ஃபெடரல் விதியில சனி, ஞாயிறு, விடுமுறை நாள் கணக்கில் சேராதுன்னு இருக்கு. ஆனா 2017-ல வந்த ஐ-247ஏ படிவத்துல அந்த விலக்கு இல்லை. கெடு தாண்டியும் விடலைன்னா வக்கீலை உடனே பேசச் சொல்லுங்க. ஐஸ் காவலுக்குப் போயிட்டா லோக்கல் கோர்ட் வாய்தாவுக்கு வர முடியாமப் போகலாம், கட்டின பணத்துக்கும் அதனால சிக்கல் வரலாம். அதனால பணம் கட்டலாமா, எப்போ கட்டலாம்னு முதல்ல இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேளுங்க.

டிடெய்னர் கூடவே வர்ற வாரன்ட்ல கையெழுத்துப் போடுறது ஐஸ் அதிகாரி, நீதிபதி இல்லை. டிடெய்னர் ஒரு கோரிக்கைதான், கட்டளை இல்லைன்னு 2014-ல ஒரு ஃபெடரல் அப்பீல் கோர்ட் சொல்லியிருக்கு. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல, அதை மட்டும் வச்சு ஆளைப் பிடிச்சு வைக்க மாநில அதிகாரிகளுக்கு அதிகாரமில்லைன்னு தீர்ப்பு கொடுத்தது. டெக்சஸ்ல அதே வருஷச் சட்டப்படி ஜெயில் அதை மதிச்சே ஆகணும். இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால வேற மாநிலத்து நண்பர் சொன்ன அனுபவத்தை நம்பி டெக்சஸ்ல முடிவெடுக்காதீங்க.

எல்லை தாண்டி வந்து அடைக்கலம் கேட்டிருக்கிற ஈழத்துச் சொந்தங்கள் இன்னும் கவனமா இருக்கணும். 2025 ஜனவரியில வந்த லேக்கன் ரைலி சட்டப்படி, முறையான அனுமதியில்லாம நுழைஞ்சவங்க கடையில பொருள் திருடினதா கைதானாலே போதும். குற்றம் நிரூபணம் ஆகணும்னு கூட இல்லை, காவல்ல வைக்கணும்.

உள்ளே இருக்கிறவர் பேரை உண்மையாச் சொல்லட்டும். எந்த நாட்டுல பிறந்தீங்க, எப்படி வந்தீங்கன்னு கேட்டா, வக்கீல் வரட்டும்னு சொல்லலாம். புரியாத தாள்ல கையெழுத்து வேண்டாம். டிடெய்னர் நகலைக் கேட்டு வாங்கணும். 'சின்ன கேஸ்தானே, ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்'னு யார் சொன்னாலும் அவசரப்படாதீங்க. குற்ற வழக்கு வக்கீல், ஒத்துக்கிட்டா நாடு கடத்தல் வருமான்னு உங்களுக்குச் சொல்லியாகணும். 2010-ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது இது. ஆனா இமிக்ரேஷன் கோர்ட்ல அரசாங்கம் நமக்கு வக்கீல் வச்சுத் தராது, நாமதான் வச்சுக்கணும். இந்தியர்கள் தூதரகத்துக்குச் சொல்லுங்கன்னு வாய்விட்டுக் கேட்கணும், தானாச் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, நம்மாளுங்களுக்கே உரியது. ஆளை எங்கே வச்சிருக்காங்கன்னு ஐஸ் இணையதளத்துல ஏ-நம்பர் (இமிக்ரேஷன்ல ஒருத்தருக்குத் தர்ற எண்) இல்லாமத் தேடினா, பேர் எழுத்துக்கு எழுத்து பொருந்தணும், பிறந்த நாடும் வேணும். மேல் வீட்டுத் தம்பியோட மனைவி ரெண்டு நாள் தேடியும் புருஷன் பேர் வரவே இல்லை. பாஸ்போர்ட்ல அவருக்கு ஒரே பேர்தான், விசாவுல முதல் பேர் இடத்துல 'எஃப்என்யூ'ன்னு (FNU, முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம்) இருந்தது. அப்படிப் போட்டதும் அடுத்த நிமிஷமே வந்தது. உங்க விசாவுல பேர் எப்படி அச்சாகியிருக்குன்னு இன்னிக்கே பார்த்து, ஏ-நம்பர் இருந்தா அதோட, வக்கீல் நம்பரையும் ஒரு தாள்ல எழுதி வீட்டுல வையுங்க. கைதானா போனை முதல்லயே வாங்கிடுவாங்க.