பாமினி எழுத்துருவில் உள்ள பழைய இதழ்களைத் திரைவாசிப்பானுக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

வணக்கம். தஞ்சாவூரில் ஒரு சிறு வேளாண் மாத இதழின் பழைய இதழ்களை இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 2001 முதல் 2007 வரை எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. இப்போது கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும்.

கண்ணுக்குத் தமிழ்தான். ஆனால் பார்வையில்லாத நண்பர் ஒருவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) போட்டுக் கேட்டால் ஒன்றும் விளங்கவில்லை. 'அம்மா' என்ற சொல் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதானே கிடக்கிறது! அவர் பொறுமைசாலி, இரண்டு பக்கம் கேட்டார்.

மூன்று வாரமாக முட்டி மோதுகிறேன். பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறித்தேன், பயனில்லை. எழுத்தே ஆங்கிலமாக இருக்கும்போது அது என்ன செய்யும்? அப்புறம் உரையை நகலெடுத்து, அதை யூனிகோடாக (தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீடு) மாற்றும் கருவியில் போட்டேன். தமிழ் நன்றாக வந்தது, ஆனால் இடையிலுள்ள ஆங்கிலமும் சேர்ந்து மாறிவிடுகிறது. உர அளவில் ஆங்கிலத்தில் '5 கேஜி' என்றிருந்தது '5 மப' ஆகிவிட்டது. விவசாயி படிக்கிற இடம் இது, விளையாட்டில்லை. படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் மென்பொருளில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்து ஓடவிட்டும் பார்த்தேன்; ர, ற குழப்பமும், அட்டவணைகளில் வரிசை கலைவதும் தீரவில்லை. சுமார் 900 பக்கம், கையால் திருத்த ஆளில்லை.

விண்டோஸ் 10, பைத்தான் ஓரளவு தெரியும். பிடிஎஃப்பில் எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து, பாமினியில் உள்ளதை மட்டும் யூனிகோடாக மாற்றும் கருவியோ நிரலோ யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?