புதுப்பிப்பு: கமேரோ ஓடுகிறது, கார்புரேட்டர் நிரபராதி

வீட்டில் பிரித்துப் பூட்டிய 1969 செவர்லே கமேரோ காரின் 350 கன அங்குல வி8 எஞ்சின் இருமுகிறது, சைலன்சரில் டமார் என்று வெடிக்கிறது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர்தான் காரணமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நல்லவேளை, அன்று சில நொடிகளிலேயே அணைத்துவிட்டேன்.

கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியது வீண். கண்டுபிடித்தது என் மகள்தான். ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை, அவள் வாசிக்க வாசிக்க நான் ஸ்பார்க் பிளக் வயரைத் தொட்டுக்கொண்டே வந்தேன்: 1-8-4-3-6-5-7-2. "அப்பா, 5 எங்கே போகுது?" அது 7-க்குப் போயிருந்தது! இரண்டும் ஓட்டுநர் பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள், வெடிப்பதும் அடுத்தடுத்து. மாற்றிப் பூட்ட இதைவிடத் தோதான ஜோடி கிடையாது.

சரி, அப்புறம் இன்னொரு சிக்கல். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் புதிது, ஆனால் டேப்பெட் உருளாமல் அதன்மேல் உரசி ஓடும் பழைய பாணி ஃப்ளாட் டேப்பெட் வகை. முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கேம்ஷாஃப்டின் மேடுகள் (லோப்) தேய்ந்துவிடும். துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில் ஊற்றியாகிவிட்டது. ஆனால் சின்னவன் தூங்குகிறான். மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் வரை காத்திருந்துதான் சாவியைத் திருப்பினேன்.

இனி பிரேக் லைன். அதற்கு முன் மகளின் சைக்கிள் செயின், அது ஒரு வாரமாகக் காத்திருக்கிறது.